வாய் கோணிய ஆடு

ஓவியத்தின் ஆன்மா கோட்டில்தான் குடியிருக்கிறது என்று நடுவர் குமரகுருபரன் தச்சநல்லூர் ஓவியக் கண்காட்சியில் முழங்கினார். மைக் வேலை செய்யவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

கல்லூரி மாணவி ரைஹானத் பென்சிலால் வரைந்த ஆட்டின் நுட்பங்களை, படத்துக்கு முதுகைக் காட்டி நின்றபடியே நாற்பது நிமிடம் விளக்கினார். காது மயிரின் நிழலை மட்டும் மூன்று முறை மெச்சினார். கடைசியில் கழுத்தை மட்டும் திருப்பிப் படத்தைப் பார்த்துக் குறைக்கு வந்தார்.

"வாய் வலப்பக்கம் கோணிட்டும்மா. முதல் பரிசு தர முடியாது. நீ ஆட்டைப் பாத்திருக்கியா?"

"எங்க வீட்டு ஆடுதான் சார். போன பக்ரீதுக்கு அறுத்தாச்சு. அசை போடுத மாதிரி இடப்பக்கம்லா வரைஞ்சேன்."

"வரைஞ்ச பிள்ளைக்கே திசை தெரியல!"

கூட்டம் சிரித்தது. முதல் பரிசு, கண்காட்சிச் செயலாளருடைய மகள் வரைந்த மயிலுக்குப் போனது.

ரைஹானத் படத்தைக் கழற்றப் போனாள். ஆட்டின் வாயோரம் ஒரு சரிகை இழை தொங்கியது. அந்தப் படத்துக்கு அவள் பென்சிலைத் தவிர எதையும் தொட்டதில்லை. மேடைக்குக் கிளம்பிய நடுவரைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஓடினாள்.

"சார், பின்னால..."

"பின்னால வந்து கெஞ்சினாலும் முடிவு முடிவுதாம்மா."

பொன்னாடை வாங்க மேடையேறி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அமைச்சரை வணங்கினார். நடுவருடைய சரிகை வேட்டிக்குப் பின்பக்கம் இல்லை.