பன்னிரண்டு சதுர அடி

டேப்பின் முனையை அவள்தான் பிடித்திருந்தாள்.

கதவருகில் நின்றதால், அளக்க வந்த அதிகாரி அவளிடம் நீட்டிவிட்டார். சுவரோடு சேர்த்து அழுத்தினாள்.

கை ஆடவில்லை.

மகளிர் விடுதியின் அந்த அறையில் நான்கு கட்டில்கள். இரண்டு பீரோக்கள்.

இனி ஆளுக்கு நாற்பது சதுர அடி இருக்க வேண்டுமாம். நல்ல விதிதான். தூக்கத்தில் புரண்டால் அடுத்த கட்டிலில் இருப்பவளின் தோளில் கை விழும்.

"பீரோ நிக்கிற இடம் கணக்குல வராதும்மா. பன்னெண்டு அடி குறையுது. மூணு பேர்தான் இருக்கலாம்."

அறையின் மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

கடைசியாக வந்தவள் முதலில் போக வேண்டும். விடுதியில் அப்படித்தான். ஐந்து மாதங்களாக அவள்தான் கடைசி. கடைசியாகக் குளிப்பாள். மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் படுப்பாள்.

அந்த மூலையைவிட மலிவாக இந்த நகரத்தில் வேறு இடம் இல்லை. தேடிப் பார்த்தவள் அவள்.

அதிகாரி மற்ற அறைகளுக்குப் போனார்.

அவள் மாடிக்குப் போனாள். கொடியில் கிடந்த துணிகளை எடுத்தாள். அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

கீழே இரும்பு தரையில் இழுபடும் சத்தம்.

இறங்கி வந்தபோது வராந்தாவில் வழி இல்லை. இரண்டு பீரோக்களும் அங்கே நின்றன. உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தாள்.

கட்டில்களின் மேல் புடவைகள் குவிந்திருந்தன. ரஹீமாவும் பூங்கோதையும் பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குளிக்கும்போதுகூடப் பீரோச் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றாத ஜெசிந்தா, தன் பட்டுப்புடவைகளை அரிசிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வாசலில் வந்து நின்றார். "வராந்தாவில பீரோ வெக்கக் கூடாது."

"பழைய இரும்புக்காரனுக்குப் போன் போட்டாச்சு மேடம். நீங்க அளங்க."

சொல்லிவிட்டு ஜெசிந்தா அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, என்ன வேடிக்கை பாக்க? டேப்பைப் பிடி."

பீரோ நின்றிருந்த இடத்தில் சுவர் இன்னும் புதுப் பச்சையாக இருந்தது. அங்கே முனையை வைத்தாள்.

"ஆடாமப் பிடிம்மா" என்றார் அதிகாரி.

அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.