மஞ்சள் ஹெல்மெட்டில் நீர்க்கோழி

காலை வெயிலில் நகரத்துச் சாக்கடைத் தண்ணீர் கறுப்பாகக் கோரைப்புல்லுக்குள் நுழைந்து, மறுகரையில் கண்ணாடி மாதிரி வழிகிறது. புல்லை வைத்தே சாக்கடையைச் சுத்திகரிக்கும் இந்தத் திட்டத்தை ஆய்வு செய்ய வந்த சுற்றுச்சூழல் அதிகாரியம்மா தண்ணீரை விட்டுவிட்டு இன்ஜினியரின் வெறுந்தலையைப் பார்க்கிறார். "ஹெல்மெட் எங்க சார்?" இன்ஜினியர் அசடு வழியக் கரையைக் காட்டுகிறார். போன மாதம் மல்லாக்கப் போட்டுவிட்டு மறந்த மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் ஒரு நீர்க்கோழி சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. "எடுத்து மாட்டிக்கிட்டு வாங்க." கையை நீட்டியதும் வெடுக்கென்று ஒரு கொத்து. "முட்டை வச்சிருக்கு மேடம்!" ஆய்வுப் படிவத்தில் 'பறவைகளுக்குப் பாதிப்பு உண்டா?' என்ற கட்டத்தின் மேல் அதிகாரியம்மாவின் பேனா நிற்கிறது. மூன்று வருஷ உழைப்பும் அந்தப் பேனா முனையில் தொங்க, இன்ஜினியர் விரலை ஊதிக்கொண்டே எட்டிப் பார்க்கிறார். பேனா நிதானமாக எழுதுகிறது: "பறவைக்கு இல்லை. இன்ஜினியருக்கு உண்டு."