மெழுகு மணக்கும் தோட்டா

"வெடிச்சத்தத்துக்குப் பயந்துதானே லண்டன் வந்தனாங்கள்? இப்ப வீட்டுக்குள்ளேயே தோட்டா சுத்துறியள்," என்று போன மாதம் சந்திரவதனா கேட்டாள். "இது பழங்காலத்துத் துவக்கு, அந்தக்காலத் துப்பாக்கியப்பா. கடையில இதுக்குத் தோட்டா இல்லை. துவக்குச் சுடுற கிளப்பில குறிப்பலகையைத்தான் சுடுறன்," என்றார் கணவர் குகனேசன். இந்த ஞாயிறும் லண்டனின் மிச்சம் பகுதியில் உள்ள வீட்டின் சமையலறை வெயிலில் அமர்ந்து, தோட்டாக் கூட்டுக்காக மரக்குச்சியில் கடதாசியைச் சுற்றி ஒட்டுகிறார். பழைய முறைப்படி தோட்டாவில் பூசும் ஆட்டுக்கொழுப்பை அவள் அடுப்பில் ஏற்ற விடாததால், தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயோடு உருக்கி, குழலில் வழுக்கிப் போக அதன் நுனியில் தடவுகிறார். அந்த மணம் அவளுக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்று விளங்கவில்லை. ஞாயிறுதோறும் அவர் கிளப்புக்குத் தனியே புறப்படும்போது நெஞ்சு கனப்பது பயத்தாலா, தனிமையாலா என்றும் தெரியவில்லை. தேநீரை வைத்தவள் கோப்பையை விடாமல் நிற்கிறாள். "இஞ்சாருங்கோ, காதுக்குப் பஞ்சு வைச்சுக்கொள்ளுறன். இண்டைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ."