ரயில்வே கேட்டில் இறங்கியவள்

"அவள் பேருந்து நிலையத்தில் கால் வைத்தபோது…" என்பது வரை வாசித்திருந்தாள்.

கரண்ட் போய்விட்டது.

வெளியே ஏற்கெனவே பொழுது அடைந்திருந்தது. கையிலிருந்த புத்தகமே தெரியவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. மெழுகுவத்தி அடுப்படியில் இருந்தது. காலையிலிருந்து சத்துணவுக் கூடத்தில் நின்ற கால். உட்கார்ந்த பிறகு எழுந்திரு என்றால் அது கேட்குமா?

கட்டிலில் அவள் கணவர் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சர்க்கரை அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோய் ஒரு வருஷமாகிறது. விளக்கு எரிந்தாலும் ஒன்றுதான், அணைந்தாலும் ஒன்றுதான். வாக்கியம் பாதியில் நிற்பதுதான் அவருக்கு ஆகாது.

பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவர். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே கூண்டுக்குள் உட்கார்ந்து வாசித்தே காலத்தை ஓட்டினார். துப்பறியும் கதை, பேய்க்கதை, ராஜா ராணிக் கதை, பயணக் கட்டுரை, எதையும் விட்டுவைக்கவில்லை. இப்போதும் பத்து வரி காதில் விழுந்தால் போதும், எழுதியது யாரென்று சொல்லிவிடுவார்.

நூலகத்துக்கு இப்போது அவள் போகிறாள். சாம்பார் வாசனை போகாத கையால் எடுத்துவருகிறாள்.

ஆரம்பத்தில் அரிசி மூட்டையில் அச்சடித்திருப்பதைப் படிப்பதுபோலத்தான் வாசித்தாள். போகப்போக அவளுக்கும் ஆட்கள் பிடிபட்டார்கள். ஒருவர் கதை நகரவில்லை என்றால் மழையைக் கொண்டுவந்துவிடுவார். இன்னொருவர் கொலை விழுந்த வீட்டில்கூட வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் விடமாட்டார். பேய்க்கதை எழுதுகிற அந்த அம்மாவுக்கு நிஜமாகவே பேய் பயம் உண்டு. இல்லாவிட்டால் அப்படி எழுத வராது. அட்டையில் தெரிந்த பெயரைப் பார்த்தால் கால்வலியோடும் ஒரு சிரிப்பு வரும். இவ்வளவு ருசியையும் இத்தனை வருஷம் இந்த மனுஷன் தனியாகவே தின்றிருக்கிறாரே என்று கோபமும் வரும்.

"கால் வச்சப்ப…" என்றார் அவர். "பொறவு? வாசிளா."

வாசித்தாள்.

கண்ணுக்கு எழுத்து இல்லை. வாய் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கால் வைத்தபோது அவள் கையில் ஒரு வயர்கூடை இருந்தது. கூடைக்குள் இரண்டு சேலை. மதுரை வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிரே மருந்துக்கடையில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான்.

மருந்துக்கடை நாலு வரிதான் தாங்கியது. பொய்யைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெம்பில்லை. புருஷன் கடையை விட்டு இறங்கிவந்து கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டான். கையில் புத்தகமும் வந்துவிட்டது.

அவன் அடிக்கிறவன் இல்லை. குடிக்கிறவன் இல்லை. புத்தகத்தில் வருகிற பெண்களுக்காகக் கண் கலங்குகிறவன். வீட்டில் இருக்கிறவள் காய்ச்சலில் கிடந்து தானாகவே எழுந்து நடமாடியதைக் கவனிக்காதவன். இதை யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தான் என்றால் இறங்கிவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

அவன் பக்கத்தைப் புரட்டினான்.

வண்டி கிளம்பியது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வந்த வழியே வெயிலில் நடந்து வீட்டுக்குப் போய் உலை வைத்தாள். ராத்திரி சாப்பிடும்போது அவன் வாய் நிறையச் சோற்றோடு சொன்னான், இன்றைக்குப் புதிதாக ஓர் எழுத்தாளரைக் கண்டுபிடித்தேன் என்று.

அத்தோடு நிறுத்தினாள்.

கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்லாதது. தலை நரைக்கும்வரை உள்ளேயே வைத்திருந்ததைச் சொல்லிவிட்டு, புத்தகம் சொன்னதாக உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. கொஞ்சம் லேசாகவும் இருந்தது.

கழுத்தில் வியர்வை வழிந்தது. முந்தானையால் துடைத்தாள்.

அப்போதுதான் அந்த அமைதி அவளுக்கு உறைத்தது. தலைக்கு மேலே மின்விசிறியின் கடகட சத்தம் இல்லை. கரண்ட் போனபோதே அது நின்றிருக்க வேண்டும்.

விசிறி நின்றால் தெருவுக்கே முதல் குரல் அந்தக் கட்டிலிலிருந்துதான் வரும். கரண்ட்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டுத்தான் ஓயும்.

இன்றைக்கு வரவில்லை.

எழுதியது யாரென்றும் அவர் சொல்லவில்லை.

கட்டில் கிரீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார்கிறார். துண்டைத் தேடி எடுத்து முகத்தைத் துடைக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் துடைத்தார்.

"கேட்ல ஏன் இறங்குனா?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அத எழுதலியா?"

அவளுக்கு மறுபடியும் கால் வலித்தது. இடுப்பு வலித்தது. எழுந்து போய் மெழுகுவத்தியைத் தேடலாம். சோறு வடிக்கவேண்டும் என்று சொல்லலாம்.

"அடுத்த பக்கத்துல இருக்கும்" என்றாள்.

விரலால் தடவிப் பார்த்து, அவர் காதில் விழும்படி பக்கத்தைப் புரட்டினாள்.