கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க

பித்தளைத் தோட்டாக் கூடு ஒன்று நாலு தடவை வெடித்ததில் கொஞ்சம் நீண்டு போயிருந்தது. துப்பாக்கிக்காரர் மறுபடி வெடிமருந்து போடுவதற்கு முன்னால், அளவு பார்க்க வெர்னியர் அளவுகோலிடம் வந்து நின்றது.

"ஒரு முடியளவு நீளம் கூடுது தம்பி. அரத்துக்கிட்டப் போயிட்டு வா," என்றது வெர்னியர்.

அரம் என்றாலே கூட்டுக்கு ஆகாது. "அண்ணே, கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க. தன்னால அளவுக்கு வந்துரும்."

வெர்னியருக்கு மனசு இளகிவிட்டது; தன் இரண்டு தாடைகளாலும் கூட்டை இறுக்கியது. எண் கச்சிதமாக வந்து நின்றது. கூட்டின் வாய்தான் ஒரு பக்கம் நசுங்கிப் போனது.

அந்த வாயில் குண்டு உட்காரவில்லை. துப்பாக்கிக்காரர் இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு, கூட்டைக் கழிசல் டப்பாவில் போட்டார்.

உள்ளே கிடந்தவர்களிடம் கூடு சொன்னது: "என் அளவுல ஒரு குறையும் கிடையாது. வேணும்னா வெர்னியர் அண்ணனைக் கேட்டுப் பாருங்க."