காலிச் சுவரில் ஓர் ஆணி

சத்தியமாக, இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. ஓவியக் காட்சியகத்துக்கு நன்கொடை திரட்டும் அந்த அம்மாள், எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆலை முதலாளியை ஒரு காலிச் சுவரின் முன் நிறுத்தியிருக்கிறாள். சுவரில் ஓர் ஆணி. அதன்மேல் மஞ்சளாக வழியும் ஒற்றை விளக்கொளி. "என்னம்மா, ஒண்ணுமே இல்லையே?" "அதைக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தேன் ஐயா. சாயங்காலத்துக்குள்ள நாம வாங்கலேன்னா இங்க மாட்டவேண்டிய படம் வெளிநாட்டுக்குக் கப்பலேறிடும்." அதற்குமேல் அவள் வாய் திறப்பதில்லை. எமகாதகி! அந்த மௌனத்தின் கனத்தில், பறந்துகொண்டிருந்த ஈ அந்தரத்தில் நிற்கிறது. கடிகார முள் அடுத்த நிமிடத்துக்குப் போகக் கூசுகிறது. முதலாளி ஆணியையே பார்க்கிறார். அவர் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்க் காசோலையோடு வெளியே வருகிறது. "முழுசையும் நானே குடுத்துடறேன். அந்த விளக்கை மட்டும் அணைச்சிடாதே தாயே." அன்று நாள் முழுக்க அந்தக் கட்டடத்தில் மின்சாரம் இல்லை.