வரேன்னு சொன்னவர்

வீட்டார் முகங்களையே நடிகர்களாக்கிப் படம் காட்டும் டிவி வந்ததும், அமுதவல்லி தன் இறந்துபோன கணவர் தணிகாசலத்தை எல்லா வகைப் படத்திலும் போட்டுப் பார்த்துவிட்டாள். காதல் படத்தில் தலை நிறைய முடியோடு ஆடினார். சண்டைப் படத்தில் பத்துப் பேரைத் தூக்கி வீசினார். யாரோ அந்நியர் மாதிரி இருந்தது. இந்த ஜாம்பி காமெடியில்தான் மனுஷன் அப்படியே இருந்தார். காலை இழுத்து இழுத்து நடந்தார். கூப்பிட்டால் திரும்பவில்லை. ஊரே அலறி ஓடும்போது ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பாவப் போய் ஜாம்பியா பாக்கறியேம்மா!" என்றாள் மகள் யாழினி.

"ஞாயித்துக்கெழம காலைல உங்கப்பா வேற எப்படிடி இருந்தாரு?"

திரையில் கதாநாயகி துடைப்பத்தை ஓங்கினாள். "செத்த ஆளு எதுக்குய்யா திரும்பி வந்தே?"

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். அமுதவல்லிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. கடைசியாக வேலைக்குக் கிளம்பிய அன்றும் அவர் வாசலில் நின்று "வரேன்" என்றார். போனில் பேசிக்கொண்டிருந்தவள் வெறுமனே கையை ஆட்டினாள்.

படம் முடிந்து அவர் காலை இழுத்துக்கொண்டு போனபோது அமுதவல்லி எழுந்து நின்றாள்.

"பாத்து, மெதுவா போயிட்டு வாங்க."